மகளோட ஃபேர்வெல்லும் நான் தேடின வேலையும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. கை நடுங்குது, பாத்திருப்பீங்க. அதனால எழுதி வச்சுதான் படிக்கிறேன். தப்பு இருந்தால் மன்னிச்சுக்கோங்க.

"குழுவினால் நான் அடைந்த முன்னேற்றம்" என்று பேசச் சொன்னார்கள். நான் பெரிசா முன்னேறினவள் இல்லை. ஆடு பண்ணை வச்ச அக்கா பேசினாங்க, மசாலாப் பொடி யூனிட் போட்ட அக்கா பேசினாங்க, கைதட்டினோம். எனக்குச் சொல்ல அப்படி ஒண்ணும் இல்லை. இந்த வருசம் தை மாசி மாசத்துல எங்க வீட்டுல நடந்த ஒரு சங்கதியைச் சொல்கிறேன். அதில் நான் குழுவிடம் சொன்ன ஒரு பொய்யும் இருக்கு. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் நம்ம மாதிரி மகளிர் குழுக்கள் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் ஆரம்பிச்சதாகப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தாங்க. நான் பிறந்ததும் அந்த வருசம்தான். 2004-ல் பத்தாவது முடித்தேன், 331 மார்க். மேலே படிக்க வைக்கவில்லை. ரெண்டு வருசம் வீட்டில் இருந்தேன், பூ எடுக்கப் போனேன். 2006-ல் கல்யாணம், 2007-ல் மகள். அப்புறம் ஒரு பையன், எட்டாவது படிக்கிறான்.

எங்க ஊர் நிலக்கோட்டைப் பக்கம். ஊரைச் சுற்றிப் பூந்தோட்டம்தான். என் வீட்டுக்காரர் சென்ட்ரிங் வேலை. போன வருசம் நவம்பர் மாசம் சாரத்திலிருந்து விழுந்து வலது கை முறிஞ்சு போச்சு. அரசு ஆஸ்பத்திரியில் பிளேட் வச்சு அனுப்பினாங்க. வைத்தியத்துக்குப் பெரிய செலவு இல்லை. ஆனா ஆறு மாசம் கனமான வேலை எதுவும் செய்யக் கூடாது என்று சொல்லிட்டாங்க. சென்ட்ரிங் வேலையில் கனம் இல்லாத வேலை எது இருக்கு?

ரேஷன் அரிசி இருந்தது. உரிமைத் தொகை 1,000 ரூபாய் மாசம் மாசம் வந்தது. நூறு நாள் வேலைக்கு நானும் போனேன். ஆனா நவம்பர் கடைசியிலிருந்து கூலி கணக்கில் ஏறவில்லை. தினம் போய் பாஸ்புக்கைப் பதிவு போட்டுப் பார்த்துட்டு வருவேன். பூ எடுக்கிற வேலையும் அந்த நேரத்தில் குறைவு. உங்களுக்குத் தெரியும், பனிக்காலத்தில் மல்லிக்கு விலை ஏறும், செடியில் பூ இருக்காது. விலை ஏறினா தோட்டக்காரருக்கு லாபம், எடுக்கிறவளுக்கு என்ன? கிலோக் கணக்குதானே. காலை முழுக்க எடுத்தாலும் 100 ரூபாய் தேறாது சில நாள். குழு மூலமா வாங்கின வங்கிக் கடனுக்கு என் பங்கு மாசம் 2,100 ரூபாய் கட்டணும். அதனால மாசச் சம்பளத்துக்கு ஒரு வேலை தேடணும்னு பொங்கல் கழிஞ்சதும் முடிவு பண்ணினேன்.

வேலை தேடுறதை யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே கை போன வருத்தம். "நான் இருக்கும்போது நீ வேலை கேட்டு அலையுறியா"ன்னு ரெண்டு நாள் பேசவில்லை. மகளிடம் சொல்லவே இல்லை. அவள் பன்னிரண்டாவது. மார்ச் 3-ஆம் தேதி பொதுத்தேர்வு ஆரம்பம். இந்த நேரத்தில் பிள்ளை மனசில் பாரம் ஏத்த வேண்டாம்னு நினைச்சேன். குழுவிலும் சொல்லவில்லை. கிடைக்காமப் போனா நாலு பேர் கேட்பாங்களே, அந்த வெட்கம்தான்.

காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் கிளம்புவேன். அவங்க வருவதற்குள் வீட்டுக்கு வந்து நைட்டி மாத்திட்டு அடுப்படியில் நிற்பேன். அம்மா நாள் பூரா வீட்டிலேயே இருந்த மாதிரி.

எங்கெல்லாம் போனேன் என்று சொல்கிறேன். ஒரு நூல் மில்லுக்குப் போனேன். வேன் வந்து கூட்டிட்டுப் போகும், நல்லதுதான். ஆனா முப்பது வயசுக்கு மேல எடுப்பதில்லை என்று வாசலிலேயே சொல்லிட்டாங்க. ஒரு ஜவுளிக் கடையில் கேட்டேன். நாள் முழுக்க நிற்கணும், ராத்திரி ஒன்பதரைக்குக் கடை சாத்துவாங்க, அதுக்கப்புறம் எங்க ஊருக்குப் பஸ் இல்லை. காலை உணவுத் திட்டத்தில் சமைக்கிற வேலை நம்ம குழு உறுப்பினர்களுக்குத்தான். ஆனா அந்தப் பள்ளிக்கூடத்திலேயே படிக்கிற பிள்ளையோட அம்மாவா இருக்கணும் என்றார்கள். என் பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியைத் தாண்டிட்டாங்க. ஒரு ஆள் ஆஸ்பத்திரியில் வேலை வாங்கித் தர்றேன், பதிவுக் கட்டணம் 500 ரூபாய் என்றார். கொடுத்தேன். அப்புறம் அவர் போனை எடுக்கவே இல்லை.

இப்படிப் போய்க்கிட்டு இருக்கும்போதுதான் மகளோட ஃபேர்வெல் வந்தது.

பெரியவங்களுக்குத் தெரியாம இருக்கலாம், அதனால சொல்கிறேன். பன்னிரண்டாவது முடிக்கிற பிள்ளைகளுக்குப் பதினொன்றாவது பிள்ளைகள் பிரிவு உபசார விழா நடத்துவாங்க. பொம்பளப் பிள்ளைகள் அன்றைக்குப் புடவை கட்டிட்டுப் போகும். முதல் முதலாப் புடவை கட்டுற நாள் நிறையப் பிள்ளைகளுக்கு அதுதான். எங்க காலத்தில் சடங்குக்குத்தான் கட்டினோம், அது நாம கேட்டுக் கட்டினது இல்லை, உட்கார வச்சுக் கட்டி விட்டது. இது பிள்ளைகள் தாங்களா ஆசைப்பட்டுக் கட்டுறது.

என் மகள் வகுப்பில் 22 பொம்பளப் பிள்ளைகள். எல்லாரும் ஒரே கலர், நேவி ப்ளூ என்று முடிவு பண்ணிட்டாங்க. ஒரு பிள்ளையோட அம்மா சின்னாளபட்டியில் மொத்தமாப் பேசி, ஒரு புடவை 620 ரூபாய்க்கு வாங்கித் தர ஏற்பாடு. நான் என் கல்யாணப் புடவையைக் கட்டிட்டுப் போகச் சொல்லலாம்னு நினைச்சிருந்தேன். ஒரே கலர் என்ற பிறகு அதுக்கு வழி இல்லை.

என் மகள் அதிகம் கேட்கிற பிள்ளை இல்லை. மத்த பிள்ளைகள் சில பேர் ஆரி ஒர்க் பிளவுஸ் தைக்கக் கொடுத்தாங்க. அதுக்கு ஆயிரத்துக்கு மேல ஆகும். அவள் "எனக்கு அதெல்லாம் கனமா இருக்கும்மா, சும்மா லைனிங் வச்சுத் தச்சாப் போதும்" என்றாள். அப்போ எனக்குப் புரியவில்லை. பிள்ளைக்கு ஆசை இல்லைன்னு நினைச்சுக்கிட்டேன்.

கணக்கு எழுதி வச்சிருக்கேன், படிக்கிறேன். புடவை 620. பிளவுஸ் துணி, லைனிங், தையல் கூலி 380. உள்பாவாடை 180. வளையலும் கம்மலும் 150. செருப்பு 250. ஆசிரியர்களுக்கு நினைவுப் பரிசு, சாப்பாட்டுப் பங்கு 300. பூ 60. பூ விளையிற ஊர்ல இருந்துக்கிட்டு பூவுக்கு 60 ரூபாய். மொத்தம் 1,940 ரூபாய்.

"ஒரு நாள் கூத்துக்கு இது தேவையா"ன்னு சில பேர் நினைப்பீங்க. நானும் நினைச்சேன். ஆனா நான் பள்ளிக்கூடத்தை விட்டு வந்த அன்னிக்கு ஹெட்மாஸ்டர் ரூம்ல டிசி வாங்கிட்டு, தனியா நடந்து வந்தேன். யாரும் போயிட்டு வான்னு சொல்லவில்லை. என் மகள் பன்னிரண்டு வருசம் முழுசாப் படிச்சு முடிச்சு வெளியே வர்றா. அவளைப் போயிட்டு வான்னு நாலு பேர் சொல்லட்டும்னு தோணுச்சு.

பிப்ரவரி முதல் வாரக் கூட்டத்தில் உள்கடன் 3,000 ரூபாய் கேட்டேன். என்ன தேவைக்கு என்று ஊக்குநர் அக்கா கேட்டாங்க. "மகளோட ஃபேர்வெல்லுக்கு"ன்னு சொல்ல வாய் வரவில்லை. புருசன் கை உடைஞ்சு கிடக்கான், இவளுக்குப் புடவையும் வளையலும் கேக்குதான்னு நினைப்பாங்களே. "வேலை தேடுற செலவுக்கு"ன்னு சொல்லவும் வரவில்லை. "பையனுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வருது, மதுரைக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்று சொன்னேன். எல்லாரும் அய்யோ பாவம் என்றார்கள். தீர்மானப் புத்தகத்தில் "மகன் மருத்துவச் செலவு" என்று எழுதினாங்க. நான் கையெழுத்துப் போட்டேன். என் பையன் அன்னிக்குத் தெருவில் கிரிக்கெட் விளையாடிட்டு இருந்தான்.

பிப்ரவரி 20, வியாழக்கிழமை ஃபேர்வெல். அதே நாளில் எனக்குத் திண்டுக்கல்லில் ஒரு பெரிய பலசரக்குக் கடையில் நேர்காணல். காலை 10 மணிக்கு வரணும் என்று முந்தின நாள் சாயங்காலம்தான் போனில் சொன்னார்கள். பில் போடுற இடத்தில் வேலை, காலை 9 முதல் மாலை 6 வரை, 10,000 ரூபாய். அத்தனை நாள் அலைஞ்சதில் எனக்குப் பொருந்தின மாதிரி வந்த முதல் வேலை அதுதான்.

நான் கணக்குப் போட்டு வச்சிருந்தேன். ஆறரைக்கு மகளுக்குப் புடவை கட்டி விட்டால், எட்டேகால் பஸ்ஸைப் பிடிச்சிடலாம். ஆறே முக்கால் மணிக்கு வாசலில் அஞ்சு பிள்ளைகள் வந்து நிற்குது, கையில் புடவைப் பையோட. அவங்க அம்மாக்கள் சில பேர் மில் வேனுக்கு விடிகாலையிலேயே போயிட்டாங்க, சில பேர் பூ எடுக்கப் போயிட்டாங்க. என் மகள்தான் வரச் சொல்லியிருக்கா. "எங்க அம்மா சும்மாதான் வீட்ல இருப்பாங்க, கட்டி விடுவாங்க"ன்னு சொல்லியிருக்கா.

அந்தப் பிள்ளைகளைப் பார்த்து முடியாதுன்னு எப்படிச் சொல்வது? ஒரு பிள்ளைக்கு உள்பாவாடை நாடா உருவிக்கிச்சு. ஒரு பிள்ளைக்குப் பிளவுஸ் பிடிக்கவே இல்லை, தையல் பிரிச்சு விட்டேன். புதுப் புடவை, கஞ்சி விரைப்பு, மடிப்பு நிற்கவே இல்லை. ஊக்கு தீர்ந்து போய் என் தாலிக் கயிற்றில் கிடந்த ஊக்கையும் கழட்டிக் கொடுத்தேன். ஆறு பேருக்கும் கட்டி முடிக்கும்போது எட்டேகால் பஸ் போயிடுச்சு. ஆறு பேரும் வரிசையா நின்னு "ஆண்ட்டி, நல்லாருக்கா"ன்னு கேட்டாங்க. உண்மையைச் சொல்றேன், அவ்வளவு நல்லாயிருந்தது. அந்த நிமிசம் எனக்கு நேர்காணல் ஞாபகமே இல்லை.

அடுத்த பஸ் பிடிச்சு, இறங்கி ஓடி, கடைக்குள் போகும்போது 10.50. உள்ளே இருந்த மேனேஜர், "முதல் நாளே லேட்டா? குடும்பத்துப் பொம்பளைங்களை எடுத்தா இதுதான் தொல்லை" என்றார். ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை.

சாயங்காலம் மகள் சிரிச்ச முகமா வந்தாள். புடவைத் தலைப்பை ஒரு கையில் பிடிச்சுக்கிட்டு, ஏதோ சொல்ல ஆரம்பிச்சா. நான் கத்திட்டேன். "உன் ஒரு நாள் கூத்துக்கு என் வேலை போச்சுடி"ன்னு கத்திட்டேன். அவளுக்கு ஒண்ணும் புரியவில்லை. "என்ன வேலைம்மா?"ன்னு கேட்டா. அப்பதான் எல்லாத்தையும் சொன்னேன். மில்லு, ஜவுளிக் கடை, 500 ரூபாய் ஏமாந்தது, எல்லாம்.

அவள் புடவையை அவிழ்த்து மடிச்சு வச்சா. ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னா: "நேத்து ராத்திரி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவங்களை நான் பெரியம்மா வீட்டுக்கு வரச் சொல்லியிருப்பேனே. நீ சும்மா இருக்கேன்னு நீதானேம்மா சொன்ன. அதனாலதான் நானும் சொன்னேன்."

எனக்குப் பதில் இல்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சியா? அப்பா கையைப் பாக்குறேன். அரிசிப் பானையைப் பாக்குறேன். அதான் ஆரி ஒர்க் வேண்டாம்னேன்" என்றாள். குரூப் போட்டோவுக்கு 150 ரூபாய் கட்டணும், அதையும் என்னிடம் கேட்காமலே விட்டிருக்கா. 22 பிள்ளைகளும் ஒரே கலர்ப் புடவையில் நின்னு எடுத்த போட்டோ. அது எங்க வீட்டில் இல்லை. அவள் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். 3,000 கடன் வாங்கினவள் 150 கொடுக்க மாட்டேனா? ஆனா அவளும் என்னை மாதிரியே மறைச்சுட்டா. நான் மறைச்சதைப் பார்த்துத்தானே கத்துக்கிட்டா.

அன்னிக்கு ராத்திரி ரெண்டு பேரும் அழுதோம். மறுநாள் காலையில் அவளே ஒரு ஏற்பாடு சொன்னா. பரீட்சைக்குப் படிக்கும்போது நடுவில் அரை மணி நேரம் எனக்கு. அந்த நேரத்தில் எனக்கு பயோடேட்டா எழுதினா. போனில் மெயில் அனுப்ப, மேப் பார்த்து இடம் கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுத்தா. அதுக்குப் பதிலா ராத்திரி பத்து மணிக்கு மேல நான் புத்தகத்தை வச்சுக்கிட்டுக் கேள்வி கேட்பேன், அவள் பதில் சொல்வாள். வணிகவியல் எனக்கென்ன தெரியும்? ஆனா புத்தகத்தில் இருக்கிற மாதிரி சொல்றாளான்னு பார்க்கத் தெரியுமே.

பயோடேட்டாவில் "அனுபவம்" என்ற இடத்தில் நான் "இல்லை" என்று எழுதச் சொன்னேன். அவள் கேட்கவில்லை. "ரெண்டு வருசம் குழுப் பிரதிநிதியா இருந்தியே, ரொக்கப் புத்தகம் எழுதினியே, பேங்குக்குப் போய்ப் பணம் கட்டினியே, அதெல்லாம் என்ன?" என்று கேட்டு, எல்லாத்தையும் எழுதினாள். எனக்கே படிக்க ஆச்சரியமாத்தான் இருந்தது.

மார்ச் மாதக் கூட்டத்துக்குப் போனபோது தீர்மானப் புத்தகத்தை எடுத்து வைக்கச் சொன்னேன். "தீர்மானத்தில் எழுதியிருப்பது பொய், என் பையனுக்குக் காய்ச்சல் இல்லை" என்று சொன்னேன். என்னைக் குழுவை விட்டு எடுத்தாலும் சரி என்று நினைச்சுத்தான் போனேன். ஊக்குநர் அக்கா, "அன்னிக்கே தெரியும்டி, உன் மகன் பந்து எங்க வீட்டுக் கூரைமேல விழுந்துச்சு" என்றாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சிரிச்சு முடிச்சதும் ஒரு அத்தை பேசினாங்க. வயசானவங்க, எங்க குழு ஆரம்பிச்ச நாளிலிருந்து இருக்காங்க. "இவ மட்டுமா பொய் சொன்னா? நான் போன வருசம் மாட்டுத் தீவனம்னு வாங்கின கடன் எதுக்கு? என் மருமக நர்சிங் வேலைக்கு மெட்ராஸ் போய் வரத்தான்" என்றாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா வாயைத் திறந்தாங்க. கடன் வாங்கின காரணம் ஒண்ணு, புத்தகத்தில் இருக்கிற காரணம் ஒண்ணு. பன்னிரண்டு பேரில் ஏழு பேர்.

நமக்குப் பயிற்சியில் அஞ்சு விசயம் சொல்லிக் கொடுத்திருக்காங்க. தவறாமல் கூட்டம், தவறாமல் சேமிப்பு, உள்கடன், தவணை தவறாமல் கட்டுவது, கணக்கு எழுதுவது. நாங்க அஞ்சையும் செய்தோம். ஆனா கணக்கில் எழுதினது நிசமான்னு யாரும் கேட்கவில்லை. வைத்தியம், படிப்பு, மாடு, விவசாயம் என்றால் கேட்க வெட்கம் இல்லை. பொம்பள வேலை தேடுறதும், வயசுப் பிள்ளையோட ஆசையும் மட்டும் கேட்க வெட்கமாயிருக்கு.

அன்னிக்கு நான் வேலை தேடின செலவுக் கணக்கையும் படிச்சுக் காட்டினேன். இங்கேயும் படிக்கிறேன். போட்டோ 80. ஜெராக்ஸ் 46. இ-சேவை மையத்தில் சான்றிதழுக்கு 60. பயோடேட்டா பிரிண்ட் 50. டவுன் பஸ்ஸில் நமக்கு இலவசம், ஆனா மில்லுக்கும் கடைக்கும் ஷேர் ஆட்டோவிலும் வேற பஸ்ஸிலும் போனது 260. டீ, சாப்பாடு 120. ஏமாந்தது 500. ஆக 1,116 ரூபாய். ஏழு நாள் பூ எடுக்கப் போகாததில் கூலி நஷ்டம் 700. எல்லாம் சேர்த்து 1,816 ரூபாய். மகளோட ஃபேர்வெல் செலவு 1,940. ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, பாருங்க. ஆனா புடவைச் செலவு கண்ணுக்குத் தெரியுது, அதை ஊர் பேசுது. வேலை தேடுற செலவு யார் கண்ணுக்கும் தெரியவில்லை. செஞ்சவளுக்கே தெரியவில்லை, எழுதிப் பார்க்கிற வரைக்கும்.

அந்தக் கூட்டத்தில் ரெண்டு தீர்மானம் போட்டோம். ஒண்ணு, வேலை தேடும் செலவுக்கு என்று சொல்லியே 2,000 ரூபாய் வரை உள்கடன் வாங்கலாம். வட்டி நூற்றுக்கு ஒரு ரூபாய்தான், வேலை கிடைச்சாலும் கிடைக்காவிட்டாலும் கேவலம் பேசக் கூடாது. இன்னொண்ணு, புடவைப் பெட்டி. ஒரு தகரப் பெட்டியில் நல்ல புடவை, உள்பாவாடை, ஊக்கு டப்பா எல்லாம் போட்டு ஊக்குநர் அக்கா வீட்டில் வச்சிருக்கோம். இப்போ பதினோரு புடவை இருக்கு. அதில் என் மகளோட நேவி ப்ளூவும் ஒண்ணு. ஃபேர்வெல்லுக்குப் போகிற பிள்ளையும் எடுக்கலாம், நேர்காணலுக்குப் போகிற அம்மாவும் எடுக்கலாம். துவைச்சு, மடிச்சுத் திருப்பி வச்சாப் போதும். ஒரே கலர் வேண்டாம், அவங்க அவங்க வீட்டில் இருக்கிறதைக் கட்டட்டும்னு பள்ளிக்கூடத்தில் பேசவும் ரெண்டு பேர் போறதாச் சொல்லியிருக்காங்க. வர்ற பிப்ரவரிக்கு எங்க குழுவில் மூணு பிள்ளைகள் பன்னிரண்டாவது.

அந்தப் பழைய தீர்மானத்தை அடிக்கவில்லை. அதுக்குக் கீழே, "மேற்படி கடன் மகளின் பள்ளி விழாச் செலவுக்கும், உறுப்பினர் வேலை தேடும் செலவுக்கும் வாங்கப்பட்டது" என்று எழுதி மறுபடி கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் மாசம் எனக்கு வேலை கிடைச்சது. முருங்கை இலையைக் காயவைத்துப் பொடியாக்கி பாக்கெட் போடுகிற யூனிட். வாரவாரம் கூட்டத்துக்கு வருகிற நம்ம இன்னொரு குழு அக்காதான் ஆள் எடுக்கிறாங்கன்னு சொன்னாங்க. நான் வேலை தேடுறது அவங்களுக்குத் தெரிஞ்சதால்தானே சொன்னாங்க. ஜனவரியிலேயே நான் வாயைத் திறந்திருந்தால் என்னவாயிருக்கும் என்று இப்பவும் நினைப்பேன். 9 மணி முதல் ஐந்தரை மணி வரை, 9,500 ரூபாய். எடை குறிக்கிற நோட்டு எழுதுற வேலை எனக்கு. ரொக்கப் புத்தகம் எழுதின கைதானே.

வேலைக்குப் போக நினைக்கிற சகோதரிகளுக்கு நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்ட நாலு விசயம் சொல்கிறேன். வேலைக்கு முன்பணம் கேட்டால் கொடுக்காதீங்க. ஒரிஜினல் மார்க்ஷீட்டைக் கொடுத்துட்டு வராதீங்க, காட்டிட்டு ஜெராக்ஸ் மட்டும் கொடுங்க. பிஎஃப், இஎஸ்ஐ பிடிப்பாங்களா, சம்பளம் எந்தத் தேதியில், பொம்பளைங்களுக்குத் தனியாக் கழிப்பறை இருக்கா என்று முதல் நாளே கேளுங்க. கேட்டால் வேலை போயிடாது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில், பெண்களுக்குத் தொல்லை என்றால் புகார் கொடுக்க உள்ளகக் குழு இருக்கணும், அது சட்டம். வேலை கிடைக்கிறதுக்குள் தொழில் கத்துக்கணும்னா, ஆர்செட்டி பயிற்சி நிலையம் மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கு. பயிற்சியும் சாப்பாடும் இலவசம். நம்ம அலுவலகத்தில் கேட்டால் சொல்வாங்க.

மே 8-ஆம் தேதி ரிசல்ட் வந்தது. மகள் 600-க்கு 487. இப்போ அரசுக் கல்லூரியில் பி.காம். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படிச்சதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் வருது. முதல் மாசம் வந்ததும் 150 ரூபாயை எடுத்துக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய் அந்த குரூப் போட்டோவைக் கேட்டா. பிரிண்ட் போட்ட கடையில் அழிச்சுட்டாங்களாம். ஒரு தோழி தன்னிடம் இருந்ததைப் போனில் படம் பிடிச்சு அனுப்பியிருக்கா. கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கு. மூணாவது வரிசையில், இடது ஓரத்தில் நிற்கிறா.

வீட்டுக்காரருக்குக் கை தேறி, இப்போ பாதி நாள் வேலைக்குப் போறார். நான் ஷிப்ட் முடிஞ்சு வரும்போது உலை வச்சிருப்பார். அதையும் சொல்லணும், இல்லாட்டி கோவிச்சுக்குவார்.

கடைசியாக் கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. எங்க குழுவில் போட்ட அந்த ரெண்டு தீர்மானத்தையும் எல்லாக் குழுவிலும் பேசிப் பாருங்க. பெரிய பணம் வேண்டாம். கடன் விண்ணப்பத்தில் "வேலை தேடும் செலவு" என்று ஒரு வரி சேருங்க, போதும். அந்த வரி இருந்தால் எங்களை மாதிரி ஆளுங்க பிள்ளைக்குக் காய்ச்சல்னு பொய் சொல்ல வேண்டி வராது.

வீட்டில் வேலை தேடுகிற அம்மாக்கள் பிள்ளைகளிடம் சொல்லிட்டுத் தேடுங்க. சும்மா இருக்கேன்னு மட்டும் சொல்லாதீங்க. நாம சொன்னதைத்தான் அவங்களும் சொல்வாங்க.